கணக்குக் கேட்ட தேசபக்தர்
கோபால கிருஷ்ண கோகலேயின் வாழ்க்கையும் அதன் படிப்பினையும்

ஒரு தேசத்தின் சர்க்கார் எத்தன்மையது என்பதை அறிய விரும்புவோர் அதன் சட்டப் புத்தகங்களைப் புரட்டிப் பார்ப்பதோடு திருப்தி அடைந்துவிடலாகாது. அந்தச் சர்க்காரின் உத்தியோகங்களில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள்? அவர்களை நியமித்தவர் யார்? எந்த முறையைக் கொண்டு நியமித்தார்? அவர்களுடைய சம்பளம் எவர் செலுத்தும் வரியிலிருந்து போகிறது? இவற்றைப் பற்றிப் பிரஜைகளின் பிரதிநிதிகள் கேள்வி கேட்டால் அதற்கு நேரான பதில் கிடைக்கிறதா? இந்த ஐந்து கேள்விகளுக்கும் விடை தெரிந்தால், அந்நாட்டில் நடப்பது ஜனங்களின் ஆட்சியா, உத்தியோகஸ்தர்களின் ஆட்சியா என்பது விளங்கிவிடும்.

இவ்வுண்மையை அந்நிய ஆட்சி உச்ச நிலையில் இருந்த காலத்தில், ராஜப்பிரதிநிதியே அக்கிராசனம் வகித்த சபையில் எழுந்து நின்று, கோபமின்றியும் அச்சமின்றியும் வருஷந்தோறும் எடுத்துரைத்தவர் கோபால கிருஷ்ண கோகலே. மகாத்மா காந்தி தம்முடைய அரசியல் குருவாக வரித்த பெரியார் என்ற அளவில் அவர் பெயரை எல்லோரும் அறிவர். ஆனால் அவர் செய்த வேலை எத்தகையது, அதை எவ்வளவு குறுகிய இடத்தில் நின்றுகொண்டு செய்தார் என்பதை அறிந்தவர் சிலரே. சட்டசபைகளும் பார்லிமெண்டும் நமக்குச் சொந்தமாகிவிட்ட பிறகு அவ்வேலையின் அருமை குறைந்துவிடவில்லை. முன்னிலும் அதிகமாகியிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

இளமையும் வறுமையும்

கோகலே 1866-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி பம்பாய் ராஜதானியில் ரத்தினகிரி ஜில்லாவைச் சேர்ந்த கோட்லுக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கிருஷ்ணராவ், கோல்ஹாப்பூரை அடுத்த காகல் என்ற சிறு சமஸ்தானத்தில் அற்ப சம்பளத்துக்கு உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைக்குப் பதின்மூன்று வயது ஆகும்போது தந்தையார் காலமானார். குடும்பத்தின் பாரம் மூத்த சகோதரர் கோவிந்தராவின் தலையில் விழுந்தது. அவர் தமது படிப்பை நிறுத்தி, மாதம் பதினைந்து ரூபாய் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்து, அதில் எட்டு ரூபாயைத் தம்பியின் கல்விக்காக அனுப்பி வந்தார். ஒவ்வொரு ரூபாயும் எங்கிருந்து வருகிறது, யாருடைய வயிற்றை ஒட்டவைத்து வருகிறது என்பதை அச்சிறுவர் அப்போதே உணர்ந்திருக்க வேண்டும். பிற்காலத்தில் உப்பு வரியின் ஒவ்வோர் அணாவுக்கும் அவர் கணக்குக் கேட்டது வெறும் புத்தகப் படிப்பினால் வந்த புத்தியன்று.

பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் வீட்டுக் கணக்குகளை எல்லாம் பிழையின்றிச் செய்து வந்ததற்காக உபாத்தியாயர் அவரை வகுப்பின் முதல் ஸ்தானத்தில் உட்காரச் சொன்னாராம். பையன் அழத் தொடங்கிவிட்டான். காரணம் கேட்டபோது, ஒரு கணக்கைப் பிறருடைய உதவியால் செய்ததாகவும் அந்த ஸ்தானம் தனக்குரியதன்று என்றும் தெரிவித்தான் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. தகுதியின்றிக் கிடைக்கும் ஸ்தானத்தைப் பற்றிய இந்தக் கூச்சம் அவரைக் கடைசி வரையில் விட்டு நீங்கவில்லை.

கோல்ஹாப்பூரிலும் பூனாவிலும் பம்பாய் எல்பின்ஸ்டன் கலாசாலையிலும் பயின்று 1884-ல் பி. ஏ. பட்டம் பெற்றார். அக்காலத்தில் பட்டதாரிக்குச் சர்க்கார் உத்தியோகம் எட்டாக் கனியன்று. வக்கீல் தொழிலோ பொன் விளையும் பூமி. இரண்டையும் விடுத்து, பூனாவில் திலகரும் அகர்க்கரும் அவர்களுடைய நண்பர்களும் ஸ்தாபித்திருந்த புதிய ஆங்கிலப் பாடசாலையில் உபாத்தியாயராகச் சேர்ந்தார். டெக்கான் கல்விச் சங்கத்தின் ஆயுள் அங்கத்தினராகி, மாதம் எழுபத்தைந்து ரூபாய்க்குப் பெர்குஸன் கலாசாலையில் ஆங்கிலமும் கணிதமும் சரித்திரமும் பொருளாதாரமும் போதித்தார். 1902-ல் அங்கிருந்து விலகியபோது அவருக்குக் கிடைத்த உபகாரச் சம்பளம் மாதம் முப்பது ரூபாய்.

ரானடேயின் பள்ளி

அவருக்கு வாய்த்த பெரும் பாக்கியம் மகாதேவ கோவிந்த ரானடேயின் சீடராக அமைந்தது. ஹைகோர்ட்டு ஜட்ஜாகவும் பொருளாதார நிபுணராகவும் விளங்கிய ரானடே, அவரைச் சுமார் பதினான்கு வருஷம் அருகே வைத்துப் பழக்கினார். பூனா சார்வஜனிக சபையின் காரியதரிசியாகவும் அதன் பத்திரிகையின் ஆசிரியராகவும் இருந்த இளைஞர், சர்க்காருக்கு அனுப்பும் மனுக்களைத் தயாரித்துக் குருவிடம் காட்டுவார். சர்க்கார் அறிக்கைகளின் மூலைமுடுக்குகளில் புதைந்து கிடக்கும் எண்களைத் தோண்டி எடுப்பதும், ஒரு வாக்கியம் எழுதுமுன் அதற்கு ஆதாரம் உண்டா என்று மும்முறை பார்ப்பதும் அங்கே கற்ற பாடம். மனுக்களுக்குச் சர்க்கார் பதிலே அனுப்புவதில்லையே என்று சிஷ்யர் சலித்துக்கொண்டபோது, அவை பெயரளவில் சர்க்காருக்கு எழுதப்படுகின்றனவே தவிர, உண்மையில் ஜனங்களின் அறிவு வளர்ச்சிக்காகவே எழுதப்படுகின்றன என்று குரு தெளிவுபடுத்தினார். இந்த ஓர் உபதேசமே கோகலேயின் சட்டசபை வாழ்வு முழுவதற்கும் திறவுகோல்.

1897-ல் இந்தியச் செலவினங்களை விசாரிக்க இங்கிலாந்தில் அமர்ந்திருந்த ராயல் கமிஷன், வெல்பி பிரபுவின் தலைமையில் இந்தியர் சிலரின் சாக்ஷியத்தைக் கேட்டது. வங்காளத்திலிருந்து சுரேந்திரநாத் பானர்ஜி, பம்பாயிலிருந்து வாச்சா, நம் சென்னையிலிருந்து சுதேசமித்திரனை ஸ்தாபித்த ஜி. சுப்பிரமணிய ஐயர் ஆகியோருடன், பூனா டெக்கான் சபையின் சார்பில் முப்பத்தொரு வயதுகூட முழுமையாக நிரம்பாத கோகலேயும் கப்பலேறினார். அவர் அங்கே எடுத்து வைத்த ஒரு கணக்கை நம் வாசகர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். 1892-ல் பார்லிமெண்டின் முன் வைக்கப்பட்ட விவரத்தின்படி, இந்தியாவில் வருஷம் பதினாயிரம் ரூபாயும் அதற்கு மேலும் சம்பளம் வாங்கிய உயர்தர உத்தியோகஸ்தர்கள் 2,388 பேர். அவர்களுள் இந்தியர் 60 பேரே. அந்த அறுபதின்மரிலும் நியாயாதிபதிகளை ஒதுக்கிவிட்டால் மற்றவர்கள் ஏணியின் கீழ்ப்படிகளிலேயே நின்றிருந்தார்கள்.

இதில் பண நஷ்டம் மட்டுமன்று இருந்தது. உயர்ந்த பொறுப்புக்களை வகிக்க இடம் பெறாத ஜாதியார், நாளடைவில் அப்பொறுப்புக்களுக்கு வேண்டிய திறமையையும் ஆண்மையையும் இழந்துவிடுவார்கள் என்பதே கோகலே சொல்லிய பெரிய குறை. நாற்காலி எண்ணிக்கையைப் பற்றிய சில்லறைச் சச்சரவாகத் தோன்றியதை ஒரு தேசத்தின் ஒழுக்கத்தைப் பற்றிய வழக்காக அவர் மாற்றினார்.

ஒரு வீழ்ச்சி

அந்த யாத்திரையிலேயே அவருடைய வாழ்வின் பெருந்துயரமும் நேர்ந்தது. பூனாவில் பிளேக் நோய்த் தடுப்பு என்ற பெயரால் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து செய்த கொடுமைகளைப் பற்றி நண்பர்கள் கடிதம் எழுதினார்கள். ஸ்திரீகள் மானபங்கம் செய்யப்பட்டதாகவும் அவற்றில் கண்டிருந்தது. கோகலே அதை நம்பி இங்கிலாந்துப் பத்திரிகையில் வெளியிட்டார். பம்பாய் சர்க்கார் ஆதாரம் கேட்டது. அவர் ஊர் திரும்பியபோது ராண்ட் துரை கொலையுண்டு, பூனா நகரமே அடக்குமுறையில் நடுங்கிக் கிடந்தது. கடிதம் எழுதியவர்களில் முன்வந்து சாக்ஷியம் கூறத் துணிந்தவர் எவருமில்லை. அவர்களுடைய பெயரை வெளியிடவும் இவருக்கு மனமில்லை. ருசுப்படுத்த முடியாத குற்றச்சாட்டை வைத்திருப்பது நேர்மையன்று என்று கருதி, நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரினார்.

வெள்ளைக்காரப் பத்திரிகைகள் அவரைப் பொய்யர் என்றன. சொந்த ஜனங்கள் கோழை என்றார்கள். அவ்வருஷத்து அமராவதி காங்கிரஸில் அவர் மேடையேறிப் பேசவும் முடியாத நிலை இருந்தது. அவர் செய்தது தவறா, சரியா என்பதைப் பற்றி இன்றளவும் அபிப்பிராய பேதம் உண்டு. இரண்டு விஷயங்கள் நிச்சயம். இனி ஆதாரமில்லாத ஓர் எண்ணையோ ஒரு சொல்லையோ வாய்விடுவதில்லை என்ற விரதத்தை அன்று முதல் அவர் கைக்கொண்டார். உண்மை தெரிந்தவர் அதை வெளியிட அஞ்சும்படியான நாட்டில், சர்க்காரிடம் கணக்குக் கேட்பவனின் கை எவ்வாறு கட்டுண்டு போகிறது என்பதையும் அனுபவத்தால் அறிந்தார்.

வோட்டில்லாத சபை

1899-ல் பம்பாய் சட்டசபைக்கும், பிரோஸிஷா மேத்தா விலகிய பிறகு ராஜப்பிரதிநிதியின் சட்ட நிரூபண சபைக்கும் அவர் தெரிந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையின் லக்ஷணத்தை இக்காலத்து வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். 1892-ம் வருஷத்துச் சட்டப்படி அதன் கூடுதல் அங்கத்தினர் பதினாறு பேருக்கு மேற்படக் கூடாது. உத்தியோகஸ்தர்களின் தொகையே எப்போதும் மேலோங்கியிருக்கும். பட்ஜெட்டைப் பற்றி அங்கத்தினர் பேசலாம். வோட்டுப் போட முடியாது. முன்னறிவிப்புக் கொடுத்துக் கேள்வி கேட்கலாம். கிடைத்த பதில் மழுப்பலாக இருந்தால் அதன் மேல் துணைக் கேள்வி கேட்க முடியாது. தீர்மானம் கொண்டுவர முடியாது. சுருங்கச் சொன்னால், கணக்கைப் பார்க்கலாம், குறை சொல்லலாம், ஒரு காசையும் குறைக்க முடியாது.

இத்தகைய சபையில் 1902 மார்ச்சு மாதத்தில் கோகலே தமது முதல் பட்ஜெட் பிரசங்கத்தைச் செய்தார். பஞ்சமும் பிளேக்கும் தேசத்தை வாட்டிக்கொண்டிருக்கும்போது சர்க்கார் கஜானாவில் வருஷந்தோறும் உபரி மிஞ்சுவது செழிப்பின் அடையாளம் என்று அதிகாரிகள் பெருமை பாராட்டினர். உபரி செழிப்பின் அடையாளமன்று, தேவைக்கு மேல் வரி பிடுங்கப்படுவதன் அடையாளமே என்று அவர் சர்க்காரின் எண்களைக் கொண்டே நிலைநாட்டினார். அந்தப் பேச்சுக்குப் பின்னால் பல இரவுகளின் உழைப்பு இருந்தது. சர்க்கார் பாடசாலை ஆசிரியராக இருந்து புள்ளிவிவரங்களில் தேர்ச்சி பெற்றிருந்த கணேச வியங்கடேச ஜோஷியின் அரிய உதவியும் இருந்தது. அடுத்த வருஷமே மணங்குக்கு இரண்டரை ரூபாயாக இருந்த உப்பு வரி இரண்டு ரூபாயாகக் குறைந்தது. வருமான வரிக்கு விலக்கான வருமான அளவு ஐந்நூறிலிருந்து ஆயிரம் ரூபாயாக உயர்ந்தது. உப்பு வரி 1905-ல் ஒன்றரை ரூபாயாகவும் 1907-ல் ஒரு ரூபாயாகவும் இறங்கியது. வோட்டில்லாத மனிதரின் வாதத்துக்கு இருந்த வலிமை அது.

ரகசியச் சட்டம்

1903 டிசம்பரில் கர்ஸன் பிரபுவின் சர்க்கார் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தது. 1889-ம் வருஷத்துச் சர்க்கார் ரகசியங்கள் சட்டத்தை இன்னும் கடுமையாக்குவது அதன் நோக்கம். ராணுவ ரகசியங்களைக் காப்பதற்கென்று இருந்த கடுமையைச் சிவில் நிர்வாக விஷயங்களுக்கும் விஸ்தரிப்பது, குற்றமற்றவர் என்று ருசுப்படுத்தும் பொறுப்பைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே சுமத்துவது, வாரண்டில்லாமல் கைது செய்யவும் ஜாமீன் மறுக்கவும் வழி செய்வது ஆகியவை அதன் முக்கிய அம்சங்கள். இந்தியப் பத்திரிகைகள் மட்டுமன்றி ஆங்கிலோ-இந்தியப் பத்திரிகைகளும் அதை எதிர்த்தன என்றால் அதன் கொடுமையை வேறு விளக்க வேண்டுவதில்லை.

கோகலே அறிமுகத்தின்போதும், 1904 மார்ச்சில் அது நிறைவேறியபோதும் எதிர்த்துப் பேசினார். ஜனப்பிரதிநிதிகளுக்குப் பொறுப்புள்ள சர்க்கார் நடக்கும் தேசத்திலேயே இத்தகைய சட்டம் ஆபத்தானது. பொறுப்பென்பதே இல்லாத சர்க்கார் நடக்கும் இந்நாட்டில், உத்தியோகஸ்தரின் செயலைப் பிரஜைகள் அறிந்துகொள்வதற்குள்ள ஒரே வழியையும் அது அடைத்துவிடும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். காரியாலயக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடக்கும் நியமனமும் இடமாற்றமும் சலுகையும் வெளியே தெரியாவிட்டால் அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்பது எப்படி? கேள்வி கேட்கும் உரிமையும் விஷயம் அறியும் உரிமையும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைக் கொன்றுவிட்டு மற்றொன்றை வளர்க்க முடியாது. மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு மட்டும் சபை நடவடிக்கைப் புத்தகத்தில் நிலைத்து நின்றது.

92-க்கு 1,263

அதே வருஷத்தில் கர்ஸன் பிரபு, நிர்வாகத்தின் மிக உயர்ந்த படிகளில் பொதுவாக ஆங்கிலேயரே இருக்க வேண்டும் என்ற கொள்கையை வெளிப்படையாகப் பிரகடனம் செய்தார். உத்தியோகங்களில் இந்தியரின் தொகை நன்றாகவே பெருகி வருகிறது என்று காட்டுவதற்காக 1904 மே மாதத்தில் ஒரு சர்க்கார் தீர்மானமும் வெளியாயிற்று. மொத்தத் தொகையைப் பார்ப்பவருக்கு அது இனிமையான படம். ஆனால் மேற்படிகளைப் பார்த்தாலோ? மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளமுள்ள 1,370 உத்தியோகஸ்தர்களுள் ஐரோப்பியர் 1,263, யூரேஷியர் 15, இந்தியர் 92. முப்பது கோடி ஜனங்களுடைய தேசத்தில் இதுவே அந்தப் பெருக்கத்தின் உண்மை உருவம்.

1905-ம் வருஷத்துப் பட்ஜெட் விவாதத்தில் கோகலே அத்தீர்மானத்தைப் பிரித்துப் போட்டு ஆராய்ந்தார். மொத்தத்தை மட்டும் காட்டி ஏமாற்றுவதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை. புதிதாக உண்டாக்கப்பட்ட உயர்ந்த உத்தியோகங்கள் யாருக்குப் போயின, எந்தெந்த இலாகாக்களின் வாசல் இந்தியருக்கு அடைத்தே கிடக்கிறது என்று தனித்தனியாகக் காட்டினார். 1833-ம் வருஷத்துச் சட்டமும் 1858-ம் வருஷத்து விக்டோரியா மகாராணியின் பிரகடனமும் ஜாதி, மதம், நிறம் பாராமல் உத்தியோகம் அளிப்பதாக உறுதி கூறியதை நினைவூட்டினார். மாகாண சிவில் உத்தியோகத்துக்குப் போட்டிப் பரீக்ஷையை ஒழித்துவிட்டு நியமன முறையைக் கொண்டுவந்ததையும் கண்டித்தார். பரீக்ஷையில் குறைபாடுகள் உண்டுதான். ஆனால் பரீக்ஷைத்தாள் சிபார்சுக் கடிதத்தைப் படிப்பதில்லை. நியமனம் செய்பவரின் விருப்பமே தகுதியாகிவிட்டால், உத்தியோகஸ்தர் பிரஜைகளின் முகத்தைப் பாராமல் தம்மை நியமித்தவரின் முகத்தையே பார்த்திருப்பார்.

அவ்வருஷம் ஜூன் 12-ந் தேதி பூனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை அவர் ஸ்தாபித்தார். சொற்ப ஜீவனாம்சத்துடன் ஆயுள் முழுவதும் தேசத் தொண்டு புரிவதாக விரதம் பூண்ட அச்சங்கத்தில், திருவல்லிக்கேணி ஹிந்து உயர்தரப் பாடசாலையின் தலைமை ஆசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் 1907-ல் சேர்ந்தார். கோகலேக்குப் பின் அதன் தலைவராகவும் ஆனார். 1905 டிசம்பரில் கூடிய காசி காங்கிரஸுக்குக் கோகலே அக்கிராசனம் வகித்தார்.

குறையும் நிறையும்

அவரைத் தெய்வமாக்கிப் பேசுவது நமது நோக்கமன்று. திலகரின் கட்சியினருக்கு அவருடைய வழி மிகவும் மந்தமாகத் தோன்றியது. நம் பாரதியாரும் அவரைப் பாட்டிலே வைத்துப் பரிகசித்தார். 1907-ல் ராஜத்துவேஷக் கூட்டங்கள் சட்டத்தை வன்மையாக எதிர்த்த அவர், 1910-ல் அச்சுச் சட்டம் வந்தபோது அதே வன்மையைக் காட்டவில்லை. திருத்தங்களை வேண்டினாரேயன்றி, வேரோடு எதிர்த்து வோட்டளிக்கவில்லை. ரகசியச் சட்டத்தை எதிர்த்த அதே நாவு பத்திரிகைகளின் கழுத்தை நெரித்த சட்டத்தின் முன் தயங்கியது அவருடைய வாழ்வில் ஒரு மாசு என்றே சொல்ல வேண்டும். அடக்குமுறைக்கும் வன்முறைக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட மிதவாதியின் தர்மசங்கடம் அது. அதை மறைப்பது, கணக்கை மறைக்காத மனிதருக்கு நாம் செய்யும் மரியாதையாகாது.

1909-ம் வருஷத்துச் சீர்திருத்தம் சபையைப் பெரிதாக்கியது. தீர்மானம் கொண்டுவரவும், கேள்வி கேட்டவரே துணைக் கேள்வி கேட்கவும் உரிமை கிடைத்தது. கோகலே அந்தச் சிறு கருவிகளைப் பெரிய ஆயுதங்களாக்கினார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவதைத் தடுக்க வேண்டுமென்று 1910-ல் அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சர்க்கார் ஏற்றது. தமிழ்நாட்டிலிருந்து அங்கே போய் அல்லலுற்ற ஆயிரக்கணக்கான ஏழைகளின் பொருட்டு எழுந்த குரல் அது. கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவோ 1912 மார்ச்சில் 13-க்கு 38 வோட்டுகளால் தோற்றது.

நம் விஷயத்துக்கு மிகவும் நெருங்கியது 1911 ஜனவரியில் அவர் கொண்டுவந்த தீர்மானம். சர்க்காரின் செலவு வளர்ந்துகொண்டே போவதன் காரணங்களை விசாரிக்க வேண்டும் என்று அவர் கோரினார். சிக்கனம், ராணுவச் செலவைக் குறைத்தல், இந்தியரை மேன்மேலும் உத்தியோகங்களில் அமர்த்துதல் ஆகிய பரிகாரங்களோடு, சுதந்தரமான தணிக்கை வேண்டும் என்ற பரிகாரத்தையும் வற்புறுத்தினார். கணக்கைத் தணிக்கை செய்பவர், செலவு செய்யும் சர்க்காருக்கே கீழ்ப்பட்டு, அதனிடமே பதவி உயர்வை எதிர்பார்ப்பவராக இருந்தால் தணிக்கைக்கு மதிப்பேது? தணிக்கை அதிகாரியைப் பொருளிலாகாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும் என்று அன்று அவர் விதைத்த எண்ணம், 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தில் தணிக்கைத் தலைவருக்கு அளிக்கப்பட்ட சுதந்தர ஸ்தானத்தில் நிறைவெய்தியது.

முடியாத அறிக்கை

1911 மார்ச்சில் ராஜமகேந்திரவரத்து நியாபதி சுப்பாராவ் பந்துலு, அரசாங்க உத்தியோகங்களில் இந்தியரின் உரிமையை விசாரிக்க ஒரு கமிஷன் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். கோகலே அதை ஆதரித்தார். அடுத்த வருஷம் இஸ்லிங்டன் பிரபுவின் தலைமையில் ராயல் கமிஷன் அமைந்தது. சென்னை ஹைகோர்ட்டு ஜட்ஜு அப்துர் ரஹீமும் பம்பாயைச் சேர்ந்த சௌபலும் கோகலேயும் அதில் இந்திய அங்கத்தினர்கள். 1913 ஜனவரியில் சென்னையில் சாக்ஷியங்களைப் பதிவு செய்த அந்தக் கமிஷன், பிறகு மாகாணந்தோறும் சென்றது.

பதினைந்து வருஷங்களுக்கு முன் வெல்பி கமிஷனின் எதிரில் சாக்ஷியாக நின்று கேள்விகளுக்கு விடையளித்தவர், இப்போது கமிஷனிலேயே அமர்ந்து கேள்வி கேட்பவராக ஆனார். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. நீரிழிவும் மூச்சுத் திணறலும் அவரை அரித்துக்கொண்டிருந்தன. 1914-ல் அரசர் அளிக்க முன்வந்த ஸர் பட்டத்தை வேண்டாமென்று மறுத்தார். வைத்தியர்கள் ஓய்வு கொள்ளச் சொல்லியும் கமிஷன் வேலையை விடவில்லை. அறிக்கை கையொப்பமாகுமுன், 1915 பிப்ரவரி 19-ந் தேதி, நாற்பத்தொன்பது வயதும் நிரம்பாத நிலையில் பூனாவில் காலமானார். வாழ்நாள் முழுவதும் அவரோடு மாறுபட்டு நின்ற திலகர், சுடுகாட்டில் நின்று அவர் குணங்களைப் புகழ்ந்து இரங்கினார்.

அறிக்கை 1917-ல்தான் வெளியாயிற்று. அதன் கணக்கின்படி, மாதம் எண்ணூறு ரூபாயும் அதற்கு மேலும் சம்பளமுள்ள உத்தியோகங்களில் இந்தியரின் பங்கு 1887-ல் நூற்றுக்கு நான்கு. 1913-ல் நூற்றுக்குப் பத்து. இருபத்தாறு வருஷத்தில் நூற்றுக்கு ஆறு! அப்துர் ரஹீம் பெரும்பான்மையோருடைய சிபார்சுகளை ஒப்பாமல் தனி அறிக்கை எழுதினார். இந்தியாவிலும் பரீக்ஷை நடத்த வேண்டுமென்று 1893-ல் காமன்ஸ் சபை தீர்மானித்த ஐ. ஸி. எஸ். பரீக்ஷை, 1922-ல்தான் அலகாபாத்தில் முதன்முறையாக நடந்தது. 1926-ல் இந்திய சர்க்காருக்குப் பப்ளிக் ஸர்வீஸ் கமிஷன் அமைந்தது. மாகாணங்களுள் சென்னையே முந்திக்கொண்டு 1929-ல் தனக்கென ஸர்வீஸ் கமிஷனை ஏற்படுத்தியது. கோகலே எதிர்த்த ரகசியச் சட்டத்தின் வழி வந்தது 1923-ம் வருஷத்துச் சட்டம்; அதற்கு மேற்பட்டு நிற்கும்படியாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தது 2005-ல். அவர் எழுந்து பேசிய நாளுக்கும் அதற்கும் இடையே நூறு வருஷத்துக்கு மேல் சென்றுவிட்டது.

நமது கடமை

நம் பிரதிநிதிகளுக்கு இப்போது வோட்டு உண்டு. துணைக் கேள்வி உண்டு. கணக்குக் கமிட்டி உண்டு. சுதந்தரமான தணிக்கை உண்டு. கோகலே ராஜப்பிரதிநிதியின் சபையில் நுழைந்தபோது இவற்றில் ஒன்றும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தவை உழைப்பும் உண்மையும் மட்டுமே. ஆகவே நாம் நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். எத்தனை உத்தியோகங்கள் காலியாகக் கிடக்கின்றன, எந்த இடம் பரீக்ஷையினால் நிரப்பப்பட்டது, எந்த இடம் சிபார்சினால் நிரப்பப்பட்டது, எந்தப் பதவி ஒருவருடைய சௌகரியத்துக்காகவே உண்டாக்கப்பட்டது என்று கேட்கும் அங்கத்தினர் எத்தனை பேர்? அறிக்கையின் முதல் பக்கத்து மொத்தத்தோடு நின்றுவிடாமல் உள்ளே புகுந்து மேற்படிகளை எண்ணிப் பார்ப்பவர் எத்தனை பேர்? ருசுவில்லாத குற்றச்சாட்டை வீசிவிட்டு, அது பொய்யென்று தெரிந்த பின் மன்னிப்புக் கேட்பவர் எத்தனை பேர்?

அந்நியர் ஆண்டபோது கணக்குக் கேட்பது தேசபக்தியாக இருந்தது. நம்மவர் ஆளும்போது அது துரோகமாகிவிடாது. சொந்த வீட்டில் விளக்கேற்றிப் பார்ப்பது வீட்டைப் பழிப்பதாகாது. சர்க்கார் நம்முடையது என்பதனாலேயே அதன் கணக்கும் நம்முடையது. அதன் ஒவ்வொரு நாற்காலியும் நம்முடையது. அதில் யார் எப்படி வந்து அமர்ந்தார் என்று கேட்கும் கடமையும் நம்முடையது. தனக்குரியதல்லாத முதல் ஸ்தானத்தில் உட்கார மாட்டேன் என்று அழுத கோல்ஹாப்பூர்ச் சீமைச் சிறுவனின் மனச்சாட்சி, உத்தியோகம் அளிப்போருக்கும் பெறுவோருக்கும் அவர்களைக் கேள்வி கேட்போருக்கும் வாய்க்குமானால், கோகலே தொடங்கி வைத்துவிட்டுப் போன அந்த அறிக்கை அன்று முற்றுப்பெறும்.